நாள் தள்ளிப்போன முதல் வாரம்

“மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லிக்கலாம்.” கருவுற்ற பெண்ணுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் புத்திமதி இதுதான். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், கரு தங்காமல் போனால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலை இன்னொரு பக்கம். சொந்தபந்தங்களிடம் சொல்லாமல் இருப்பதில் ஒரு தவறும் இல்லை. அதே தயக்கத்தைச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் காட்டுவதுதான் ஆபத்து. ஏனென்றால், குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கரு உருவான நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அப்போது நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்.

எந்த நாளிலிருந்து கணக்கு?

கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்துதான் மருத்துவர்கள் கர்ப்பக் கணக்கைத் தொடங்குகிறார்கள். கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. இது தெரியாததால் சில வீடுகளில் வீண் வேதனை உண்டாகிறது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கு “ஐந்து வாரம்” என்று சீட்டில் எழுதியிருந்தால், புகுந்த வீட்டில் முகங்கள் மாறுகின்றன. மருத்துவக் கணக்கே அப்படித்தான். சந்தேகப்பட அதில் எதுவும் இல்லை. தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால், பிரசவ நாளைக் கணிப்பதும் சுலபம்.

உடம்பு காட்டும் குறிகள்

மாதாமாதம் ஒழுங்காக வருகிறவருக்கு நாள் தள்ளுவதே முதல் அறிகுறி. அதற்கும் முன்பே சிலருக்கு மார்பு கனத்து, தொட்டால் வலிக்கும். காரணமே இல்லாத அசதி வரும். பகலில் படுத்தால் எழுந்திருக்கவே முடியாது. அடிக்கடி சிறுநீர் வரும், வயிறு உப்பும், மலச்சிக்கல் தொடங்கும். ஆனால் மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் இவற்றில் பலவும் வருவதால், இவற்றை மட்டும் வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தலைகாட்டும். நேற்றுவரை பிடித்திருந்த தாளிப்பு வாசனை இன்று குமட்டும். மீன் கழுவும் வாடையில் வீட்டை விட்டே ஓடத் தோன்றும். வாந்தியே வராமல் நல்லபடியாகப் பெற்றெடுத்தவர்களும் ஏராளம். அதனால் மசக்கை இல்லையென்று பயப்பட வேண்டாம். சாம்பல், திருநீறு, மண், ஊறவைக்காத பச்சரிசி என்று வாய் கேட்டால், “மசக்கை ஆசை” என்று சிரித்து விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவோடு வரும் ஆசை அது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு அது ரத்தசோகை.

மாதவிலக்கு வர வேண்டிய நாளையொட்டிச் சிலருக்கு லேசாக ரத்தக்கறை படும். அதையே மாதவிலக்கு என்று எண்ணிக்கொண்டால் கணக்கு ஒரு மாதம் தப்பிப்போகும். வழக்கத்தைவிடக் குறைவாக, ஓரிரு நாளில் நின்றுவிட்டால் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கிட் சொல்வதும் சொல்லாததும்

நாடி பிடித்துச் சொல்லும் பாட்டிகளின் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் காய்ச்சலிலும் பதற்றத்திலும் தைராய்டு கோளாறிலும்கூட நாடி வேகமாகத் துடிக்கும். சிறுநீரில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கிறதா என்று பார்க்கும் கிட்தான் நம்பகமானது. கரு பதிந்த பிறகே இந்த ஹார்மோன் சிறுநீரில் தெரியும். நாள் தள்ளிய மறுநாளே பார்க்கலாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் நல்லது. அட்டையில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்; வெகுநேரம் கழித்துத் தெரியும் கோட்டை நம்பக் கூடாது. நேரத்துக்குள் வந்த இரண்டாம் கோடு மங்கலாக இருந்தாலும் அது கர்ப்பத்தைக் காட்டும் கோடுதான். ஒற்றைக் கோடு வந்து, மாதவிலக்கும் வராவிட்டால் ஒரு வாரத்தில் மீண்டும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம்.

மறுபடியும் ஒற்றைக் கோடு என்றால் நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு, திடீர் எடை மாற்றம், மன அழுத்தம் என்று வேறு காரணங்களை மருத்துவர் பார்ப்பார். பாலூட்டும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தங்கலாம். “இன்னும் தலைக்கு ஊத்தலையே” என்று அலட்சியமாக இருந்து, ஐந்தாம் மாதத்தில் வயிறு தெரிந்த பிறகு வருகிறவர்கள் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களும் மாதவிலக்கு நிற்கும் காலம் என்று தாங்களே முடிவுகட்டிவிடக் கூடாது.

இரண்டு கோடு வந்துவிட்டால்

முதலில் சொன்ன நரம்புக்குழாய்க்காக அன்றே போலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. சர்க்கரை நோய், வலிப்பு உள்ளவர்களுக்கு அளவு மாறும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. முகப்பரு மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது.

தமிழ்நாட்டில் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து ‘பிக்மி’ என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

இப்போது குழந்தை வேண்டாம் என்ற நிலையில் இருக்கிறீர்களா? கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மருத்துவர் மூலம் பாதுகாப்பாகக் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதமே போதும். கணவரின் கையெழுத்து தேவையில்லை.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் கிட் சொல்லாது. நூறில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் அது கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் வளரும். அப்போதும் இரண்டு கோடுதான் வரும், மசக்கையும் வரும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி உயிர் போகலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், நாள் தள்ளியிருக்கும் விவரத்தை முதலில் சொல்லி 108-ஐ அழையுங்கள். கலைப்பு மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு, வலியும் ரத்தப்போக்கும் மாத்திரையால்தான் என்று தோன்றிவிடும்; குழாய்க் கர்ப்பம் கண்ணுக்குத் தப்பிவிடும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, நாள் முழுக்கச் சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.