பாண் மாவுக்குள் ஒரு தப்பு

விடியற்காலையில் பீத்தோவன் மெட்டோடு மேடேறி வரும் சூன்பாண் ஓட்டோவை ஹாலிஎல லயத்துப் பிள்ளைகள் தூரத்திலேயே அறிவார்கள். அந்தப் பாணைப் பொங்க வைத்தது ஈஸ்ட். மாவு பிசையும்போது பேக்கரிக்காரர் போடும் உப்பு நமக்கு ருசி. ஈஸ்ட் கலத்துக்கோ ஆபத்து. அந்த ஆபத்தை அது உணர்வதில் கல்சியத்துக்குப் பெரிய பங்குண்டு.

எலும்பும் பல்லும் இல்லாத உயிருக்குக் கல்சியம் எதற்கு? உண்மையில் அதை உள்ளே உலவ விட ஈஸ்ட்டுக்கு விருப்பமே இல்லை. கூடினால் பொஸ்பேட்டோடு சேர்ந்து கட்டியாகிவிடும். பொஸ்பேட் இல்லாமல் கலத்தின் சக்திக் கணக்கு நடக்காது. ஆகவே நுழையும் கல்சியத்தை இறைத்து இறைத்துத் தனக்குள் இருக்கும் ஒரு பையில் அடைத்துவிடுகிறது. வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான் கலத்தின் நீர்மத்தில் மிஞ்சும்.

சூட்சுமமே இந்தக் கஞ்சத்தனத்தில்தான். பதுளை பஸ் நிலையத்தில் கத்தினாலும் யாரும் திரும்புவதில்லை. நடுச்சாமத்தில் லயத்தில் ஒருவர் இருமினால் நாலு காம்பிராவுக்குக் கேட்கும். அப்படியொரு அமைதிக்குள் கொஞ்சம் கல்சியம் நுழைந்தாலே சேதிதான். உப்பு தாக்கியதும் அது நுழைகிறது. கல்சிநியூரின் என்ற நொதியம் விழிக்கிறது. ஒரு தூதுப் புரதத்தைக் கருவுக்குள் அனுப்புகிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்பைக் கட்ட அங்கே உத்தரவாகிறது.

2008இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தில் மைக்கேல் எலோவிட்ஸ் குழுவினர் அந்தத் தூதுப் புரதத்தை ஒளிர வைத்துப் பார்த்தார்கள். அது கருவுக்குள் போய்த் தங்கிவிடவில்லை. போகும், ஓரிரு நிமிடம் இருக்கும், வெளியேறும், மறுபடி போகும். கல்சியத்தைக் கூட்டினால் தங்கும் நேரம் நீளவில்லை; போய்வரும் தடவைகள்தான் கூடின. பிரட்டுக்கு ஆள் சேர்க்கத் தோட்டத்தில் தப்படித்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: அடியின் பலம் மாறவில்லை, அடிகள் நெருங்கின. காரணமும் அழகானது. அந்தத் தூதனின் கீழ் 100க்கு மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. சில இலேசான தட்டலுக்கே எழும்பும். சிலவற்றை உலுக்க வேண்டும். பலத்தைக் கூட்டினால் ஒன்று துள்ளும், இன்னொன்று தூங்கும். தடவையைக் கூட்டினால் எல்லாம் ஒரே விகிதத்தில் கூடும்.

கல்சிநியூரின் நம் உடம்பிலும் இருக்கிறது. சிறுநீரகம் மாற்றிவைத்தவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், நோயெதிர்ப்புக் கலங்களில் அதைத்தான் கட்டிப்போடுகிறது. அந்த மருந்தும் ஒரு பூஞ்சையின் கைவேலை. நோர்வே நாட்டு மண்ணில் கிடைத்தது.