காலை எடுத்தும் குறையாத ரேஸ்: பழைய பிக்-அப் வண்டியில் ஐட்லிங் திடீர்னு ஏறுவது ஏன்? எதை முதலில் பார்க்கணும்?

சிக்னலில் வண்டி நிற்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறது, ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் யாரோ மிதித்த மாதிரி இன்ஜின் உறுமுது. இரண்டு நிமிஷத்தில் தானாகவே அடங்கியும் விடுது. மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டிப் போனால், அங்கே சமர்த்தாக நிற்கும். "வண்டி நல்லாத்தானேண்ணே இருக்கு" என்பார் அவர்.

பழைய பிக்-அப் வைத்து காய்கறி, பால், செங்கல் என்று லோடு அடிக்கும் பலருக்கும் இது பழகிப்போன தலைவலி. நிரந்தரக் கோளாறு என்றால் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகும் கோளாறில்தான் அனுமானத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றி காசு கரையும். காசை விட பெரிய விஷயமும் உண்டு. மார்க்கெட் சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது ரேஸ் ஏறினால், கிளட்சை லேசாக விட்டதுமே வண்டி பின்னால் பாயும். பின்னால் நிற்பது லோடு இறக்கும் ஆள்.

எவ்வளவு இருந்தால் சரி?

டீசல் பிக்-அப்களில் இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங் பொதுவாக 700 முதல் 900 ஆர்.பி.எம்.-க்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் ஓனர் மேனுவலில் இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது, காதுதான் மீட்டர். தினமும் ஓட்டுகிறவருக்கு சத்தத்தில் வரும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் ஏறி இருப்பது, ஏ.சி. போட்டதும் லேசாக ஏறுவது, இதெல்லாம் பல வண்டிகளில் இயல்பு. புகை வடிகட்டியான டி.பி.எஃப். உள்ள பி.எஸ்.6 வண்டி என்றால், அது தன்னைத்தானே சுத்தம் செய்யும் நேரத்திலும் ஐட்லிங் ஏறும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

யூடியூப் வைத்தியம் ஏன் எடுபடலை?

இந்தப் பிரச்சினையைத் தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பகுதி அமெரிக்க பிக்-அப்களைப் பற்றியது. அங்கே பழைய பிக்-அப்களில் பெரும்பாலானவை பெட்ரோல். 'வேக்கம் லீக் பாருங்க', 'ஐட்லிங் வால்வை மாத்துங்க', 'த்ராட்டில் பாடியில் கிளீனர் அடிங்க' என்பார்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு இது நல்ல யோசனைதான். அதில் வேகத்தை முடிவு செய்வது உள்ளே போகும் காற்று. எங்காவது குழாய் வெடித்து கூடுதல் காற்று புகுந்தால் ஐட்லிங் ஏறும்.

நம்ம ஊரில் ஓடும் பழைய பொலிரோ பிக்-அப், டாடா 207 எல்லாம் டீசல். டீசலில் கதை வேறு. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வேகத்தை முடிவு செய்வது எவ்வளவு டீசல் தெளிக்கப்படுகிறது என்பதுதான். அதனால் காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்தால் புகை வரலாம், இழுவை குறையலாம்; ஐட்லிங் ஏறாது.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜினின் காற்றுக் குழாயில் கார்ப் கிளீனர், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே எதையும் அடிக்கவே கூடாது. உள்ளே போவது எரியக்கூடிய பொருளாக இருந்தால் டீசல் இன்ஜின் அதையும் எரிபொருளாக எடுத்துக்கொண்டு எகிறும்.

ஆக, டீசல் வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கூடுதல் எரிபொருள் யார் சொல்லி உள்ளே போகுது?

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டு

ஒரு வாரத்துக்கு, ரேஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் நாலு விஷயம் குறித்து வையுங்கள். இன்ஜின் சூடா, குளிர்ந்ததா? நிற்கும்போது தானாக ஏறியதா, அல்லது மிதித்து விட்டபிறகு இறங்காமல் நின்றதா? மழை பெய்ததா, வண்டி கழுவினீர்களா? பெடலை இரண்டு தடவை தட்டியதும் அடங்கியதா?

கடைசி இரண்டு பதில்களே பாதி விடையைச் சொல்லிவிடும். பெடலைத் தட்டினால் அடங்குகிறது என்றால் எங்கோ எதுவோ சிக்குகிறது. தண்ணீர் பட்ட நாளில் மட்டும் வருகிறது என்றால் வயரிங்கில் சந்தேகப்படலாம். ரேஸ் ஏறும் நேரத்தில் செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது. ஷெட்டுக்கு வந்ததும் அடங்கிவிடும் வண்டிக்கு அதுதான் சாட்சி.

பெடலுக்கு அடியில் காலை விடுங்கள்

கேபிள் வைத்த பழைய வண்டியில் முதல் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். ரேஸ் ஏறியதும் ஓரமாக நிறுத்துங்கள், இன்ஜினை அணைக்காதீர்கள். நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் நுனியை ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்குங்கள். ரேஸ் இறங்கினால் குற்றவாளி பெடல், கேபிள், ஸ்பிரிங் இந்த மூன்றில் ஒன்று.

முதலில் காலடியைப் பாருங்கள். மிதியடிக்குப் பதிலாக சாக்கு விரித்து ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். அந்தச் சாக்கு மடங்கி பெடலுக்கு அடியில் சொருகிக்கொண்டதற்காக ஃப்யூல் பம்ப்பைக் கழட்டக் கூடாது இல்லையா? உருண்டு வந்த தண்ணி பாட்டில், பெடல் கீலில் இறுகிய மண் எல்லாமே இந்த வேலையைச் செய்யும்.

காலடி சுத்தம் என்றால் அடுத்தது பானெட். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கேபினில் ஒருவரை உட்கார வைத்துவிட்டுத் திறங்கள். தோளில் துண்டு இருந்தால் கழட்டி வைத்துவிடுங்கள். ஃபேன் பெல்ட் பக்கத்தில் துண்டு, லுங்கி நுனி எல்லாம் ஆபத்து.

ஆக்சிலேட்டர் கேபிள் போய் முடியும் இடத்தில், ஃப்யூல் பம்ப்பின் மேல் ஒரு சின்ன லிவர் இருக்கும். காலை எடுத்ததும் அது ஒரு ஸ்க்ரூவில் வந்து முட்டி நிற்கணும். ரேஸ் ஏறி இருக்கும்போது லிவருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா? விரலால் தள்ளினால் சத்தம் இறங்குகிறதா? அப்படியென்றால் பம்ப் மேல் எந்தத் தப்பும் இல்லை.

கேபிளுக்குள் இருக்கும் கம்பியில் ஒரு இழை அறுந்து சுருண்டிருந்தால் போதும், சில நேரம் சிக்கும், சில நேரம் சிக்காது. வந்து வந்து போகும் கோளாறுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் குறைவு. இன்ஜின் சூடு படும் இடத்தில் கேபிளின் மேலுறை உருகி நெளிந்திருந்தால், வண்டி சூடானபிறகு மட்டும் ஒட்டிக்கொள்ளும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். சில பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் கையால் இழுக்கும் த்ராட்டில் குமிழும் உண்டு, அது பாதியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். கேபிளையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவது சின்ன செலவு. பம்ப் கழட்டினால் செலவு ஆயிரங்களில் போகும். அதனால்தான் இந்த வரிசை முக்கியம்.

லிவர் சரியாக முட்டுகிறது, ஆனாலும் ரேஸ் ஏறுகிறதா?

ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலை மாதிரி வந்தால் டீசல் லைனில் காற்று நுழைகிறதா என்று பார்க்கணும். டேங்கில் இருந்து வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, ஃபில்டர் வாஷரில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று மட்டும் உள்ளே போகும். மெக்கானிக் ஒரு கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும்.

அலை இல்லாமல் ஒரே சீராக ஏறி நின்றால், பம்ப்புக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பகுதியில் தேய்மானமோ சிக்கலோ இருக்கலாம். இது சாதாரண ஷெட் வேலை இல்லை, டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் கடையில்தான் கொடுக்கணும்.

காமன் ரெயில் வண்டி என்றால்?

பெடலில் இருந்து கேபிளே போகாத வண்டிகளில், டீசல் எவ்வளவு என்று முடிவு செய்வது இ.சி.யூ. எனும் கம்ப்யூட்டர். அதற்குத் தப்பான தகவல் போனால் தப்பான முடிவு எடுக்கும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தால் ஐட்லிங்கை ஏற்றியே வைக்கும். கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரோ அதன் வயரோ விட்டுவிட்டு வேலை செய்தால் ரேஸும் விட்டுவிட்டு ஏறும். ரேடியேட்டரில் தண்ணி குறைந்து, சென்சார் இருக்கும் இடத்தில் காற்று தங்கினாலும் இது நடக்கும். வண்டி ஆறியபிறகு கூலன்ட் அளவைப் பார்ப்பது காசில்லாத சோதனை.

நம்ம ஊர் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லணும். 'வண்டி ஹீட் ஆகுது' என்றால் தெர்மோஸ்டாட் வால்வையே கழட்டித் தூக்கிப் போட்டுவிடுவது. அப்புறம் மழைக்காலத்திலும் மலைப்பாதை இறக்கத்திலும் இன்ஜின் சரியாக சூடே ஆகாது. குளிர்ந்த இன்ஜின் என்று இ.சி.யூ. ரேஸை ஏற்றிக்கொண்டே இருக்கும். இதில் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெடலிலேயே இருக்கும் சென்சாரும் சந்தேகப் பட்டியலில் உண்டு. அதில் இரண்டு சிக்னல் போகும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பல வண்டிகளில் இ.சி.யூ. பாதுகாப்புக்காக இன்ஜினை ஒரே உயர்ந்த ஐட்லிங்கில் நிறுத்திவிடும், மிதித்தாலும் ஏறாது. கூடவே இன்ஜின் லைட் எரியும். ஸ்கேனர் போடும்போது 'கோட் எதுவும் இல்லை' என்ற பதிலோடு விடாதீர்கள். 'லைவ் டேட்டா'வில் கூலன்ட் வெப்பம் எவ்வளவு, காலை எடுத்த பிறகு பெடல் அளவு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் வயரில் பச்சை பூத்திருந்தால் சென்சார்களை மாற்றும் முன் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

சாவியை அணைத்தும் நிற்கவில்லையா?

இது மட்டும் அவசர நிலை. டர்போவின் ஆயில் சீல் போய்விட்டாலோ, இன்ஜின் ஆயில் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருந்தாலோ, இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடிக்க ஆரம்பிக்கும். பின்னால் நீலம் கலந்த வெள்ளைப் புகை திரளும், ரேஸ் ஏறிக்கொண்டே போகும். டீசலை நிறுத்தினாலும் ஆயில் போய்க்கொண்டே இருப்பதால் சாவிக்கு அடங்காது.

வண்டி நின்றுகொண்டிருந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி, டாப் கியரைப் போட்டு கிளட்சை விடுங்கள். முன்னால் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இதைச் செய்யணும். இன்ஜின் அடைத்து நின்றுவிடும். அது முடியாவிட்டால் காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்கணும். கையாலோ துணியாலோ அடைக்காதீர்கள்; துணி உள்ளே இழுத்துக்கொள்ளும், கை மாட்டிக்கொள்ளும். இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றினால் பானெட் பக்கமே போகாமல் தள்ளி நில்லுங்கள். இன்ஜின் போனால் போகட்டும்.

முன்னறிவிப்பு பெரும்பாலும் ஆயில் கேஜிலேயே இருக்கும். அளவு வேகமாகக் குறைந்தால் எங்கோ எரிகிறது. ஊற்றாமலேயே அளவு ஏறி, டீசல் வாடையும் அடித்தால் நாசில் பக்கத்தில் கசிவு இருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் லோடு ஏற்ற வேண்டாம்.

பெட்ரோல், சி.என்.ஜி. மினி லாரிகளுக்கு

மேலே சொன்ன யூடியூப் வைத்தியம் இங்கே செல்லும். வேக்கம் ஹோஸ், த்ராட்டில் பாடியில் கரி, ஐட்லிங் வால்வு என்ற வரிசையில் பாருங்கள். லீக் கண்டுபிடிக்க சூடான இன்ஜின் மேல் எரியக்கூடிய ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஹோஸ்களின் மேல் தண்ணியை லேசாகத் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று கேட்டாலே போதும். சி.என்.ஜி. வாடை வந்தால் அந்தச் சோதனையும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு சர்வீஸுக்குத் தகவல் கொடுங்கள்.

அந்த ஸ்க்ரூவைத் தொடாதீங்க

'ரேஸ் ஜாஸ்தியா இருக்கா, இதோ குறைச்சுடறேன்' என்று ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்புவதுதான் ஷெட்டுகளில் நடக்கும் முதல் வேலை. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அது மருந்தே இல்லை. கேபிள் சிக்காத நேரத்தில் ஐட்லிங் தாழ்ந்து, சிக்னலில் வண்டி ஆஃப் ஆகும். அப்புறம் அதற்கு ஒரு வைத்தியம் தொடங்கும். ஏற்கனவே யாராவது திருப்பியிருந்தால், கேபிளை மாற்றிய பிறகு இன்ஜின் நன்றாக சூடான நிலையில், மேனுவலில் உள்ள எண்ணுக்கு மறுபடி செட் செய்யச் சொல்லுங்கள். மாற்றிய பழைய கேபிளைக் கேட்டு வாங்கி, உள்கம்பியை உருவிப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் கண்ணுக்கே தெரியும்.