உப்புக்காற்றில் ஒரு பூச்சின் ஆயுள்

வெப்பமண்டலக் கடற்கரையில் இரும்பின் மேல் அடித்த பெயிண்டைப் பல சக்திகள் ஒன்றுசேர்ந்து அழிக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் பூச்சின் பிசினைச் சிதைக்கிறது. பளபளப்பு மங்கி, தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது. காற்றில் வரும் உப்பு மேற்பரப்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாளிலும் பூச்சு வெகுநேரம் நனைந்தே கிடக்கிறது. அந்த ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். இரும்பைச் சரியாகக் கழுவாமல் பூசியிருந்தால், அடியில் தங்கிய உப்பு நீரை உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பும். அது உடைந்த இடத்தில் துரு தொடங்கும்.

இடங்களின் அரிக்கும் தன்மையை ஐஎஸ்ஓ 9223 தரநிலை சி1 முதல் சிஎக்ஸ் வரை ஆறு வகையாகப் பிரிக்கிறது. கடைசி வகையில், பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டிலேயே 200 முதல் 700 மைக்ரான் வரை அரிபடும். அங்கே அடிக்கும் பெயிண்டின் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பெரும்பாலும் 300 மைக்ரான் அளவுதான். இவ்வளவு மெல்லிய ஒன்றை நம்பிப் பாலத்தையும் துறைமுகக் கிரேனையும் நிறுத்தும்போது, சோதனையில் அவசரம் கூடாது.

நம்பத்தக்க சோதனை திறந்தவெளியில் நடப்பதே. சிக்ரி என்று அறியப்படும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது. சுத்தம் செய்து பெயிண்ட் அடித்த எஃகுத் தகடுகளின் விளிம்புகளை நன்றாக மூடி, வெயில் பார்த்துச் சாய்ந்த சட்டங்களில் பொருத்துவார்கள். சிலவற்றில் இரும்பு தெரியும்வரை கீறிவிடுவதும் உண்டு. எந்தப் பாலத்திலும் என்றாவது கீறல் விழத்தான் செய்யும் என்பதால், கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் பரவியது என்பதே பூச்சின் தரத்தைத் தெளிவாகக் காட்டும் அளவு. பளபளப்பு, நிறம், கொப்புளம், ஒட்டும் பலம் ஆகியவற்றையும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் குறித்து வருவார்கள்.

இத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடியாதபோது ஆய்வுக்கூடச் சோதனை துணைக்கு வருகிறது. பழைய முறை, 35 டிகிரி செல்சியஸில் 5 சதவீத உப்புநீரை மூடுபனியாகத் தெளித்துக்கொண்டே இருப்பது. இதில் வெயிலும் இல்லை, உலரும் நேரமும் இல்லை. வெயிலில் வெளுத்துப் பொடியும் எபாக்ஸி இங்கே எளிதில் தேறிவிடும். ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்தால்தான் துத்தநாகத்தின் மேல் காப்புப்படலம் உருவாகும் என்பதால், வெளியே நன்றாக உழைக்கும் துத்தநாகப் பூச்சு இங்கே தோற்கலாம். இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பெயிண்ட் வாங்குவது தவறு.

இக்குறையைப் போக்கச் சுழற்சிச் சோதனைகள் வந்தன. கடல்சார் கட்டமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 12944-9 முறையில் 72 மணி நேரம் புற ஊதாவும் ஈரமும், 72 மணி நேரம் உப்புத்தூறல், 24 மணி நேரம் மைனஸ் 20 டிகிரிக் குளிர் என ஒரு வாரச் சுற்று, 25 முறை தொடரும். மொத்தம் 4200 மணி நேரம். அந்தக் குளிர் வடகடலுக்குப் பொருந்தும், மண்டபத்துக்குப் பொருந்தாது. ஆகவே இதில் தேறிய பூச்சையும் உள்ளூர்க் கடற்கரையில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

சோதிக்க வேண்டியது தனித்தனி டப்பாக்களை அல்ல, அடுக்குகளின் முழுத் தொகுதியை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகில் துத்தநாகத் தெளிப்பு, எபாக்ஸி, பாலிசிலாக்சேன் என மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. துத்தநாகம் இரும்புக்குப் பதில் தான் அரிபடும், எபாக்ஸி ஈரத்தைத் தடுக்கும், மேலே உள்ள பாலிசிலாக்சேன் வெயிலைத் தாங்கும்.