மிக அருகில்

கேளம்பாக்கத்தில் வண்டலூர்ச் சாலை வந்து முடிகிற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்தைவிட மனைகளே அதிகம் தென்படும். பச்சைப் புல்வெளி, தகப்பன் தோளில் குழந்தை, பல் தெரியச் சிரிப்பு, கீழே ஒரு தொலைபேசி எண். இந்தத் தட்டிகளைப் பொய் என்று ஒதுக்கிவிடுவது எளிது. விளம்பரம் பற்றி நாம் எழுதுவதில் பெரும்பகுதி அந்தக் கோபத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு அந்த வசதி இல்லை. 2014ல், எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலையற்றுத் திரிந்த நாட்களில், இப்படியொரு தட்டிக்கு வாசகம் எழுதியவன் நான்.

முதலில் எழுதிக் கொடுத்தது நான்கு வரி. மண்ணின் தன்மை, கிணற்றுத் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் இருந்தன. டிசைனர் படித்துவிட்டுச் சிரித்தார். “சார், இது கடுதாசி. வண்டியில போறவன் மூணு செகண்டுதான் பார்ப்பான்.” அவர் சொன்னது சரிதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் மூன்று விநாடியில் 50 மீட்டரைக் கடந்துவிடுகிறான். அதற்குள் கண் ஒரு படத்தையும் நாலைந்து சொற்களையும்தான் பிடிக்கும். தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். வேற்றுமையும் விகுதியும் ஒட்டிக்கொண்டு நீளும் நம் சொற்கள் பலகையின் அகலத்தைத் தின்றுவிடும். எழுத்தைச் சிறிதாக்கினாலோ தூரத்தில் புள்ளியும் சுழியும் கரைந்துபோகும். அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியது மூன்று சொல்: ‘ஓஎம்ஆருக்கு மிக அருகில்’. நிலம் அந்தச் சாலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேற்கே இருந்தது.

இந்த மூன்று சொல் எப்படி வேலை செய்தது? ரோலான் பார்த் 1964ல் எழுதிய கட்டுரையொன்றில் பான்ஸானி என்ற நிறுவனத்தின் பாஸ்தா விளம்பரத்தை வாசித்துக் காட்டுகிறார். வலைப்பையிலிருந்து வழியும் தக்காளியும் குடைமிளகாயும், மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களும், இத்தாலிய ஓசை கொண்ட பெயரும் சேர்ந்து ‘இத்தாலியத்தன்மை’ என்ற ஒன்றை பிரெஞ்சு வாசகனுக்கு உற்பத்தி செய்து தருகின்றன. படம் பல அர்த்தங்களில் மிதக்கும். எழுத்துதான் அதற்கு நங்கூரம் என்கிறார். ஆகுபெயர் படித்த நமக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. ஊர்ப்பெயர் ஊராருக்கு ஆகிவருவதுபோல, ‘ஓஎம்ஆர்’ இங்கு தார்ச்சாலையைக் குறிப்பதில்லை. சிறுசேரி சிப்காட்டின் கணினி வேலையை, மாதச் சம்பளத்தை, ஏறப்போகும் மனை விலையைக் குறிக்கிறது. தட்டி இவற்றில் எதையும் சொல்லவில்லை. வாசகனே சொல்லிக்கொள்கிறான். தானே கண்டுபிடித்த அர்த்தத்தை யார் சந்தேகிப்பார்கள்?

‘லேஅவுட்’ என்ற சொல் இந்த வட்டாரத்தில் இரண்டு தொழிலுக்குப் பொது. நிலத்தை மனைகளாகப் பிரிப்பதும் லேஅவுட், தாளில் எழுத்தையும் படத்தையும் அமைப்பதும் லேஅவுட். எதற்கு எவ்வளவு இடம் என்பதே இரண்டிலும் அரசியல். எங்கள் பிட் நோட்டீஸின் வரைபடத்தில் வளைந்து நெளிந்த பாதை நேர்க்கோடாயிற்று. மனைக்குப் பக்கத்திலிருந்த ஏரி காணாமல்போயிற்று. ‘வரைபடம் அளவுக்குட்பட்டதல்ல’ என்பது மூலையில் எறும்பு எழுத்தில். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பாருங்கள். நன்னூல் சுருக்கத்தைப் பத்து அழகில் சேர்க்கிறது, மயங்க வைப்பதைப் பத்துக் குற்றத்தில். அழகைக் கொண்டே குற்றத்தைச் செய்துவிட முடியும் என்பதை அந்த வேலையில்தான் கற்றேன்.

திறமை என்றாலே மறைப்பதுதானா என்றால், இல்லை. 1959ல் நியூயார்க்கின் டாய்ல் டேன் பெர்ன்பாக் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் காருக்குச் செய்த விளம்பரத்தில் பக்கம் முழுக்க வெற்றிடம்; ஓர் ஓரத்தில் சின்னஞ்சிறு கார். வாசகமும் சிறுமையைத்தான் பேசியது. பெரிய கார்களின் நாட்டில் எது குறையோ அதையே பெரிதாகக் காட்டினார்கள். ஓவியரையும் எழுத்தாளரையும் ஒன்றாக உட்காரவைத்து வேலைவாங்கிய இடம் அது. எழுத்து சொன்னதையே வெற்றிடமும் சொன்னது. எங்கள் நோட்டீஸிலோ எழுத்து பேசியது, படம் மறைத்தது.

2016ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், விளம்பரத்தின் பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. பதிவு எண்ணை விளம்பரத்தில் போடவேண்டும். ஆணையத்தின் இணையதள முகவரி எடுப்பாகத் தெரியவேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ‘அருகில்’ என்பது பொய்யா? அதற்கு எந்த அளவுகோல்?

இதே கேள்வியை என் சித்தப்பா அப்போதே கேட்டார். அது நான் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. “மிக அருகில்னு போட்டிருக்கான். நீ தமிழ் படிச்சவன்தானே, மிகன்னா எவ்வளவுடா?” பக்கம்தான் சித்தப்பா என்றேன். அரை கிரவுண்டு, 1200 சதுர அடி வாங்கினார். 2015 டிசம்பர் மழையில் மனையில் முழங்கால் தண்ணீர். நோட்டீஸில் இல்லாத ஏரி அங்கே இருந்தது.

2023 டிசம்பர் 30ல் வண்டலூரை ஒட்டிக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். ஏறத்தாழ 18 கிலோமீட்டர்ச் சாலையின் மேற்கு முனையில் கிளாம்பாக்கம், கிழக்கு முனையில் கேளம்பாக்கம். சித்தப்பாவின் மனை நட்டநடுவில். அன்று ராத்திரி போன் செய்தார். “பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சாமேடா, இப்ப நம்ம இடம் கிட்டதானே?” அவர் மனைக்குப் போகும் வழியில் புதுத் தட்டிகள் முளைத்திருந்தன. ‘கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு மிக அருகில்’. அது நான் எழுதியதில்லை.