வருங்கால மின்வாசிப்பானும் எமது எதிர்பார்ப்பும்

குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும் இக்காஸ்டில், எமது முதியோருக்கு வாசிப்பைப் போன்ற துணை வேறில்லை. ஊரிலிருந்து பெட்டியில் வந்த நூல்களின் பொடி எழுத்துக்களோ இப்போது அவர்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருப்பித்துத் தரும் மலிவுவிலை மின்வாசிப்பான்கள் மீது நாம் நம்பிக்கை வைப்பது இதனாலேயே.

2022இல் வெளிவந்த ஆரம்பநிலைக் கிண்டில், 6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளைக் கொண்டது. 2024இல் கோபோ கிளாரா வகையில் நிறமும் வந்தது. அடுத்த தலைமுறையில் நிறத்திரை மேலும் மலியும் என்றே நாம் கணிக்கின்றோம். ஆயினும் எமக்கு வேண்டியது நிறமன்று.

2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் படமாக்கப்பட்ட பக்கங்களாகவே உள்ளன. 1981இல் யாழ். பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்புக்குக் கொடுத்த மக்களுக்கு இச்சேமிப்பின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அப்பக்கம் 6 அங்குலத் திரையில் எறும்பு ஊர்ந்தாற்போற் சுருங்கிவிடுகின்றது. பெருப்பித்தாலோ வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளித்தள்ளி ஒரு நாவலை வாசித்து முடிக்க எவருக்குப் பொறுமையுண்டு?

படத்திலுள்ள எழுத்தை இனங்கண்டு, கேட்ட அளவில் மீண்டும் வரியடுக்கித் தரும் ஆற்றல் கருவியிலேயே அமையவேண்டும். தமிழை இனங்காணும் மென்பொருள்கள் ஏற்கெனவே இருப்பதால் இது பேராசையன்று. 1978இல் தமிழக அரசு கைவிட்ட பழைய னை, லை வடிவங்களையும் அவற்றுக்குக் கற்பித்தல் வேண்டும். எமது பழைய நூல்கள் அவ்வெழுத்திலேயே அச்சேறின. கிண்டில் தமிழைச் சரிவரக் காட்டாதிருந்த நாட்களில், 2013இல் தோன்றிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்தினர் 6 அங்குலத் திரைக்கென்றே தனிக்கோப்புச் செய்து வழங்கினர். தன்னார்வலரால் இயன்றது பெருநிறுவனங்களுக்கு இயலாதா?

இளையோரின் தேவை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்பாற்பட்ட நாட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடப்பாட்டை டென்மார்க் 2002இல் நீக்கியது. தமிழ்ச் சொல்லைத் தொட்டால் டெனிஸில் பொருள் கூறும் அகராதி அவர்களுக்குப் பெருந்துணையாகும். எனினும் அதனை எந்த நிறுவனமும் தானாகத் தருமென நாம் கணிக்கவில்லை. சந்தை அத்துணைச் சிறிது. வெளியார் செய்யும் அகராதியைக் கருவி ஏற்கும் என்பதால், அப்பணி எம்மவருடையதே.

வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க: டெனிஸ் நூலகங்கள் 2011 முதல் ஈ-ரியோலன் வழியாக இரவல் தரும் மின்நூல்கள் கிண்டிலில் திறவா.