விழித்திரையும் குருதிக்குழாயும்

நம் கண்ணின் உட்புறத்தே, பின்சுவரை ஒட்டி, மெல்லிய தாள் போன்றதொரு படலம் உள்ளது. அதனை விழித்திரை என்பர். எடைக்கு எடை நோக்கின், உடலிலேயே மிகுதியாகப் பிராணவாயுவை உட்கொள்ளும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று. அவ்வாயுவை ஏந்திவரும் நுண்ணிய குருதிக்குழாய்கள் அடைபடின், விழித்திரை பட்டினி கிடக்க நேரும்.

நீரிழிவு உற்றவர்க்கு இவ்வின்னல் படிப்படியாக வந்து சேர்கின்றது. பல்லாண்டுகள் குருதியில் மிகுந்து நிற்கும் சர்க்கரை, நுண்குழாய்களின் சுவரை நலியச் செய்கின்றது. சில கசிகின்றன, சில அடைபட்டுவிடுகின்றன. தொடக்கத்தில் வலியோ மங்கலோ தோன்றாது. ஆதலின், பார்வை நன்றாயிருக்கும்போதே ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்தல் வேண்டுமென மருத்துவர் கூறுவர். விழித்திரையின் சிரை அடைபடுவதாலும் இப்பட்டினி நேரலாம்.

பட்டினியுற்ற விழித்திரை வாளா இருப்பதில்லை; புதுக் குழாய்களை அழைப்பதற்கென ஒரு பொருளைச் சுரக்கின்றது. அத்தகைய பொருளொன்று இருத்தல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டிலேயே மைக்கேல்சன் என்னும் கண் மருத்துவர் கருதினார். ஆயின், அதனை அன்று எவரும் கண்டாரில்லை. 1983-இல் அமெரிக்க அறிஞர்களான செங்கர், டுவோராக் முதலியோர், புற்றுக்கட்டிகளை ஆராய்கையில், குழாய்களைக் கசியச் செய்யும் புரதமொன்றைக் கண்டனர். 1989-இல் பெராராவும் அவர்தம் துணைவரும் குழாய்களை வளரச் செய்யும் புரதமொன்றைப் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் விளங்கிற்று. குருதிக்குழாய் உட்படல வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். புற்றுநோய் ஆய்விற் கிடைத்தது கண் மருத்துவர்க்குக் கைகொடுத்தமை வியப்பன்றோ! நீரிழிவால் புதுக் குழாய்கள் முளைத்த கண்களின் நீர்மத்தில் அக்காரணி மிக்கிருத்தலை 1994-இல் அளந்து கூறினர்.

வளர்ச்சியாற் கேடு விளைவது எங்ஙனம் என நீங்கள் வினவலாம். கருவிலுள்ள குழவியின் விழித்திரையிற் குழாய்களை ஒழுங்குற வளர்ப்பதும் இக்காரணியே. நோயுற்ற கண்ணிலோ அது அளவிறந்து சுரக்கின்றது. அவ்வாறு விரைந்து முளைத்த குழாய்கள் வலுவற்றவை. அவை பட்டினியுற்ற இடத்திற்கு உணவளியாது, விழித்திரையின் மேற்பரப்பிற் படர்கின்றன. அவற்றினின்று குருதி கசியின், ஒளி தடைப்படும். உடன் வளரும் நார்த்திசு சுருங்கி, விழித்திரையையே சுவரினின்று பிய்த்தலும் உண்டு.

லேசர் ஒளியால் விழித்திரையின் ஓரங்களைச் சுடுதல் பழைய முறை. சுட்ட பகுதிக்குப் பிராணவாயு வேண்டா. ஆகவே அழைப்பும் அடங்கும். ஓரப் பார்வையிற் சிறிது இழந்து நடுப்பார்வையைக் காக்கும் அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. இக்காலத்து அக்காரணியையே பற்றி முடக்கும் மருந்துகளை நுண்ணூசியாற் கண்ணுள் செலுத்துகின்றனர். அவற்றின் ஆற்றல் சில வாரங்களில் தணிவதால், ஊசியைத் திரும்பத் திரும்பப் போடல் வேண்டும். இடையில் நிறுத்துவோர்க்குப் புதுக் குழாய்கள் மீண்டும் தலையெடுக்கக் கூடும்.