நம் எழுத்து நமக்கே புரியவில்லை!

சென்ற மாதம் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது குறுந்தகடு ஒன்று கைக்குக் கிடைத்தது. மேலே நம் கையெழுத்தில் "எல்லைக் கதைகள், 2002" என்று எழுதியிருந்தது. கண்டதும் நெஞ்சு துள்ளிற்று.

ஏன் துள்ளாது? 1956 நவம்பர் முதல் நாள், திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டைப் பகுதி தமிழகத்தோடு இணைந்ததே, அந்த நாளைக் கண்ணால் கண்ட பெரியவர்களை நம் வடகரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தேடித் தேடிப் போய், திண்ணை திண்ணையாக உட்கார்ந்து, அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுத் தொகுத்த குறிப்புகள் அவை. நாற்பது பேரின் கதை. அன்று தேவிகுளமும் பீருமேடும் போயின. தோவாளையும் அகஸ்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் வந்தன. இதெல்லாம் ஏடுகளில் இருக்கிறது. ஆனால் அன்று காலை எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்தக் கிழவர் தெருவில் நின்று அழுதார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அந்தத் தகட்டில் இருந்தது. சொன்ன நாற்பது பேரில் இன்று ஒருவரும் இல்லை.

தகட்டைப் படிக்கும் கருவி நம் மடிக்கணினியில் கிடையாது. தென்காசிக்குப் பேருந்து ஏறினோம். பழைய கணினியை இன்னும் வைத்திருக்கும் ஒரு புகைப்படக் கடையில் கொடுத்தோம். திறந்தது. கோப்புகள் வரிசையாக நின்றன. ஒன்றைச் சொடுக்கிய கடைக்காரத் தம்பி நம்மைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்ன பாஷை?"

திரையில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பெருச்சாளி புகுந்த களஞ்சியம்போல் சிதறிக் கிடந்தன. அம்மா என்ற சொல்கூட இல்லை. நாம் எழுதியது, நம் தாய்மொழியில் எழுதியது, நம் மண்ணைப் பற்றி எழுதியது. நமக்கே புரியவில்லை!

நடந்தது என்ன? கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். அந்நாளில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் எண்ணை எடுத்து, அதன்மேல் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தார்கள். ஆக, நாம் தமிழ் எழுதுவதாக மகிழ்ந்திருந்தபோது, கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாகவே நினைத்துக் கொண்டிருந்தது! ஆளுக்கொரு கடை, கடைக்கொரு கணக்கு. ஒருவர் அகரத்துக்கு வைத்த எண்ணை மற்றவர் மகரத்துக்கு வைத்தார். நாம் வாங்கிய எழுத்துருவைச் செய்தவர் பின்னாளில் கடையைக் கட்டிவிட்டார். அந்த எழுத்துரு இருந்த கணினி 2009-இல் பழைய இரும்புக்குப் போயிற்று. பூட்டு நம்மிடம், சாவி பழைய இரும்பில்!

யாரும் எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடிற்று. எண்களுக்கு ஒரு பொது முறையும், விசைப்பலகைக்கு ஒரு பொது முறையும் வகுத்தது. உயிரெழுத்து பன்னிரண்டும் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என நான்கு தட்டில் அம்மா வந்துவிடும். இரண்டு மகரம் சேர்ந்தால் முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். எவ்வளவு எளிது! நாமோ தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய பழைய விசை வரிசையை விடமாட்டோம் என்று பிடித்த பிடியாக நின்றோம். அந்த இயந்திரத்தில் புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பின்னால் அடிக்க வேண்டும். விரலுக்குப் பழகிவிட்டது என்பது நாம் சொன்ன சாக்கு. பெரியார் 1935-இலேயே எழுத்தைச் சீர்திருத்தி அச்சிட்டதும், அதை அரசு ஏற்க 1978 வரை ஆனதும் பற்றி மேடையில் முழங்கியவர்கள்தாம் நாம். பிறர் பழக்கத்தை மாற்றச் சொல்வது எவ்வளவு இனிக்கிறது!

உலகப் பொதுமுறையாகிய யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. ககரத்துக்கு ஓரிடம், கொக்கிக்கு ஓரிடம். இரண்டும் சேர்ந்தால் கி. உயிர்மெய்யைக் கூறுபோட்டார்கள் என்ற மனக்குறை தமிழறிஞர்களுக்கு இருந்தது, நியாயந்தான். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும், அதனோடு தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. குறையிருந்தாலும் பொதுமுறை பொதுமுறையே. இன்று வடகரையில் தட்டியது வல்வெட்டித்துறையிலும் கோலாலம்பூரிலும் தமிழாகவே போய் இறங்குகிறது.

சரி, எழுத்துப் பிழைத்தது. நாம் பிழைத்தோமா? தகடு கிடைத்த வாரத்தில் நம்மை நாமே ஒரு நாள் கணக்கெடுத்தோம். வெட்கத்தோடு எழுதுகிறோம்.

காலையில் எழுந்ததும் முகம் கழுவுமுன் கைப்பேசி. அதில் வந்த செய்திகளில் பாதிக்கு மேல் முந்தைய நாள் வேறு குழுவில் பார்த்தவையே. வெளியூரிலிருக்கும் மகனுக்குச் "சாப்பிட்டாயா" என்று கேட்டோம். எந்த எழுத்தில்? ஆங்கில எழுத்தில்! முந்தைய வாரம் தென்காசியில் தமிழ்வழிக் கல்வி பற்றி ஒரு மணி நேரம் பேசிய அதே நாம். கைப்பேசியின் பட்டியல், கட்டளை எல்லாம் ஆங்கிலம். தமிழுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றினோம், "அமைப்புகள்" எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அரைநாள் தவித்து, மறுபடியும் ஆங்கிலத்துக்கே திரும்பினோம். தமிழ் கடினமாக இருந்ததா? இல்லை. பழகவில்லை, அவ்வளவுதான்.

தொழிலுக்கு வருவோம். இந்தப் பத்தியை நாம் இப்போது பாதி தட்டுகிறோம், பாதி வாயால் சொல்கிறோம். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழைக் காதால் கேட்டு எழுதத் தொடங்கியது. கண் மங்கிய நமக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மேடைத்தமிழைக் கேட்டால் ஓடி ஓடி எழுதும் அந்த இயந்திரம், "அவுக வந்தாகல்லா" என்றால் திகைத்து நின்று வேறெதையோ எழுதி வைக்கிறது. நாமும் அதற்காக நாக்கைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தோம். ஒரு நாள் வீட்டில் "என்ன, ரேடியோ மாதிரி பேசுதீக?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த நாற்பது பேரை இன்று பேட்டி கண்டு இயந்திரத்திடம் விட்டிருந்தால், அவர்கள் பேச்சு என்னவாகியிருக்கும்?

இங்கே குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறைந்தார். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களை இன்றும் நூலாக எடுத்துப் படிக்கிறோம். அவருக்குச் சாதனம் மையும் தாளும். அவற்றுக்கு எழுத்துரு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நாம் 2002-இல் எழுதியதைப் படிக்க ஊர் ஊராக அலைகிறோம். தாளுக்குக் கரையானும் உண்டு, மழையும் உண்டு; சாரல் காலத்தில் இந்தப் பக்கத்துப் புத்தக அலமாரியைத் திறந்தவர்களுக்கு அது தெரியும். ஆகவே பழையதே உயர்வு என்று பாடவில்லை. எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதே நாம் எந்தக் கருவியிடமும் கேட்காமல் விட்ட கேள்வி.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனத்தார் மென்பொருள் செய்கிறார்கள். 1996-இல் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2021-இல் செய்திப் பரிமாற்றச் செயலி ஒன்றுக்கு "அரட்டை" என்றே பெயர் வைத்தார்கள். 2025-இல் நாடே அதைத் திரும்பிப் பார்த்தது. நமக்குப் பெருமைதான். நம் வட்டாரப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் உலகத்துக்கு வேலை செய்கிறார்கள். பெருமையோடு நாமும் அதை இறக்கிக்கொண்டோம். மறுநாளும் வாட்ஸ்அப்பில்தான் கட்டுரை அனுப்பினோம், அலுவலகத் தோழர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்! எந்தக் கடையில் நாலு பேர் கூடுகிறார்களோ அங்கேதான் நாமும் தேநீர் குடிக்கிறோம். ஆனால் மத்தளம்பாறையில் செய்தாலும் அமெரிக்காவில் செய்தாலும் அந்தக் கேள்வி ஒன்றுதான். நம் கட்டுரைகள் மூன்றாண்டாக ஒரு செயலியின் உரையாடலுக்குள்ளேயே கிடக்கின்றன. வேறு படி இல்லை. மறுபடியும் ஒரு குறுந்தகட்டைத்தான் தயாரித்துக் கொண்டிருக்கிறோம்!

தகட்டின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். சென்னையில் கணினிப் பணியிலிருக்கும் தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். எழுத்துரு மாற்றிகள் சிலவற்றில் போட்டுப் பார்த்தாள். நம் எழுத்துரு அந்தப் பட்டியல்களில் இல்லை. "மாமா, இதுல ஏதாவது ஒண்ணு அச்சுல வந்திருக்கா?" என்று கேட்டாள். வந்திருந்தது. 2003-இல் ஓர் இதழில் வெளியான ஒரு கதையின் நறுக்கு நம் பெட்டியில் இருந்தது. அச்சிட்ட தமிழையும் திரையின் அலங்கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று இரண்டு நாள் உட்கார்ந்து அட்டவணை போட்டாள். எகிப்தில் 1799-இல் கிடைத்த ரொசெட்டா கல்லில் மூவகை எழுத்தை ஒப்பிட்டுத்தானே சாம்போலியன் பட எழுத்தைப் படித்தார்? அவருக்கு ஈராயிரம் ஆண்டுப் புதிர். நமக்கு இருபத்துச் சொச்சம்!

முப்பத்து மூன்று கதைகள் தமிழாகிவிட்டன. ஐந்து கோப்புகள் தகட்டின் பூச்சு உரிந்ததால் திறக்கவே இல்லை. இரண்டில் அந்த நறுக்கில் வராத எழுத்துக்கள் வருகின்றன. அந்த இடங்களில் வெறுங்கட்டம் நிற்கிறது. ஒன்று, செங்கோட்டைக்கு நடந்தே போன ஒரு மூதாட்டி சொன்னது. வழியில் தங்கிய வீட்டுக்காரரின் பெயரில் நடு எழுத்து இல்லை. மூதாட்டியின் பேத்தி பண்பொழியில் இருப்பதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போகிறோம், தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு.